கோல்ன் கான்சர்ட்: எப்படிக் கேட்பது, அதன் விமர்சனங்களை எப்படிப் படிப்பது

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'தி கோல்ன் கான்சர்ட்' ஆல்பத்தை இதுவரை கேட்டதில்லை என்றால், அதைப் பற்றி எதையும் படிக்காமல் முதலில் கேட்டுவிடுங்கள். இதைக்கூட அடுத்த பத்தியோடு நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த அளவுக்குக் கதை ஏறிப்போன தனிப் பியானோ ஆல்பம் ஜாஸில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பழுதான பியானோ, பதினெட்டு வயதுப் பெண், நள்ளிரவுக் கச்சேரி என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் பியானோ எங்கே சொதப்புகிறது என்றுதான் காது தேடும். அந்த மனிதர் என்ன வாசிக்கிறார் என்பது கோட்டைவிட்டுப் போகும்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மொத்தம் 66 நிமிடம், நான்கு டிராக். முதல் பகுதி 26 நிமிடம், இரண்டாம் பகுதி ஏ, பி, சி என்று மூன்று துண்டாக இருக்கும். இதில் ஏ-வும் பி-யும் ஒரே வாசிப்பின் இரண்டு பாதிகள், எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் அடங்காது என்பதால்தான் பிரித்தார்கள். சி என்பது கச்சேரி முடிந்த பிறகு வாசித்த தனி உருப்படி. ஆகவே செயலியில் ஷஃபிளை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் அமைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மிக மெல்லிய இடத்துக்கும் ஓங்கி அடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் இந்த ஆல்பத்தில் முக்கியம். ஹெட்ஃபோன் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. வேலை செய்துகொண்டே ஓடவிடுவது மட்டும் வேண்டாம், அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

கேட்டாயிற்றா? சரி, இப்போது கதை.

1975 ஜனவரி 24, மேற்கு ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா ஹவுஸ். கச்சேரியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ், வயது 18, அப்போது ஜெர்மனியிலேயே இளைய ஏற்பாட்டாளர் என்று பெயர். அன்று மாலை அரங்கில் ஓபரா இருந்ததால் அது முடிந்த பிறகு, இரவு பதினொன்றரைக்குத்தான் மேடை கிடைத்தது. டிக்கெட் 4 மார்க். 1,400 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் நிரம்பிவிட்டது. ஜாரெட் கேட்டிருந்தது போசென்டார்ஃபர் 290 இம்பீரியல் என்ற பெரிய கச்சேரிப் பியானோ. மேடையில் வந்து நின்றதோ அதே கம்பெனியின் சின்ன பியானோ, ஒத்திகைக்கு வைத்திருந்தது. மேல் ஸ்தாயி தகரம் தட்டுவது போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட்டுக்கு அப்போது முதுகுவலி, இடுப்பில் பட்டை. ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐஷரோடு சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு ரெனோ 4 காரில் வந்து சேர்ந்திருந்தார், முந்தைய இரவுகளில் சரியான தூக்கமும் இல்லை. முதலில் முடியாது என்றவர், பிராண்டஸ் கெஞ்சிக் கேட்டதால் சம்மதித்தார். சுருதி சேர்ப்பவர்கள் பல மணி நேரம் போராடி அதை ஓரளவு வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவுக்கு மைக் எல்லாம் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்பதும் அவர் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம். பதிவு செய்தவர் மார்ட்டின் வீலாண்ட். இரண்டு நாய்மன் யு-67 மைக், ஒரு டெலிஃபுங்கன் டேப் மிஷின், அவ்வளவுதான் கருவி.

இதெல்லாம் நடந்த விஷயம். ஆனால் இதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் எனக்குச் சண்டை. கட்டுரைகளிலும் மேனேஜ்மென்ட் பேச்சுகளிலும் இந்தக் கச்சேரியை 'தடைதான் படைப்பைத் தூண்டியது' என்பதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். கீழ் ஸ்தாயி எடுபடாததால் இடது கையில் ஒரே உருவை, அதாவது ஒரு சின்ன ஸ்வரக் கோவையை, திரும்பத் திரும்ப அடித்துக் கனத்தை வரவழைத்தார், மேல் ஸ்தாயி கேட்கச் சகிக்காததால் நடுக்கட்டைகளிலேயே சுற்றினார், அதனால்தான் இந்த இசை இப்படி வந்தது என்பது வாதம். ஐஷரே ஏறக்குறைய இப்படித்தான் சொல்லியிருக்கிறார், அவர் கூடவே இருந்தவர், அதை மறுக்க நான் யார். ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், அதற்கு 'சோலோ கான்சர்ட்ஸ்: பிரெமென் / லோசான்' என்ற ஆல்பத்தை எடுங்கள். 1973-இல் பதிவானது, மூன்று எல்.பி. தட்டுகள். கோல்ன் பியானோவுக்கும் அந்த இரண்டு மேடைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கேயும் இடது கையில் அதே சுழலும் உருக்கள், அதே சர்ச் பாட்டு நெடி, அதே ஏறிக்கொண்டே போகும் கட்டம். அதற்கும் முன்னால் 1971-இல் ஆஸ்லோவில் பதிவு செய்த 'ஃபேசிங் யூ'வின் முதல் உருப்படியைப் போட்டாலும் விதை கேட்கும். பழுதான பியானோ அவரை ஒரு பழக்கத்தில் அதிக நேரம் நிற்க வைத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன், அந்தப் பழக்கத்தை அதுதான் கொடுத்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருட உழைப்பை ஒரு இரவின் விபத்தாகக் குறுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி இரண்டாவது முறை கேட்பது. இந்த முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் பகுதி, முதல் சில நொடி. ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் தொடர். உற்றுக் கேட்டால் கூட்டத்தில் யாரோ சிரிப்பது லேசாக விழும். இடைவேளை முடிந்து உள்ளே வாருங்கள் என்று அந்த ஓபரா ஹவுஸில் அடிக்கும் மணியின் மெட்டு அது. கொஞ்ச நேரம் முன்புதான் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு இருக்கைக்கு வந்திருக்கிறார்கள், அவர் அதையே எடுத்துத் தொடங்குகிறார். ஒன்றும் எழுதி வைக்காமல் வந்து உட்காருகிற ஒருவர் முதல் வாக்கியத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். அந்த ஐந்து ஸ்வரத்தை வாயில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு, அடுத்த சில நிமிடத்தில் அதன் சாயல் எங்கெல்லாம் எட்டிப் பார்க்கிறது என்று தேடுங்கள்.

அதற்குப் பிறகு நெடுநேரம், ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு: ஏ மைனர் செவன், ஜி மேஜர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, திரும்பவும் முதலுக்கு. சில இடத்தில் தாளமே இல்லாமல் மிதக்கிறது, சில இடத்தில் கால் தட்டும் அளவுக்கு இறுகுகிறது, ப்ளூஸ் வாசனை வருகிறது, போகிறது.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு, ஒரு தொந்தரவும் உண்டு. முன்னேற்பாடில்லாமல் அந்த நேரத்தில் கட்டிக்கொண்டு போவது நமக்குப் புதிதில்லை. ஆலாபனையில் ஒரு பிடியைப் பிடித்து அதையே சுற்றிச் சுற்றி வளர்ப்பதை ரசிக்கத் தெரிந்தவருக்கு 'ஏன் ஒரே இடத்தில் நிற்கிறார்' என்ற பொறுமையின்மை வராது. தொந்தரவு என்னவென்றால் நம் காது ஒரு நிலையான ஷட்ஜத்தைத் தேடும். இங்கே அது கிடையாது. ஏ-யா ஜி-யா எது வீடு என்று கடைசிவரை தீர்ந்துவிடாமல் சாய்ந்துகொண்டே இருப்பதுதான் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் சுவை. சுருதியைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இருபதாவது நிமிடத்தை ஒட்டி நிலைமை மாறுகிறது. கடைசி ஆறு நிமிடம் ஏ மேஜர். அதுவரை மைனரில் சாய்ந்துகொண்டிருந்தது திறந்துகொள்கிறது, இடது கை சர்ச்சில் கைதட்டிப் பாடும் கூட்டம் மாதிரி அடிக்க ஆரம்பிக்கிறது, ஜாரெட்டின் குரலும் மேலே வருகிறது. இந்த ஆல்பம் பிடிக்காது என்று சொல்பவர்கள்கூட இந்த ஆறு நிமிடத்தில் கொஞ்சம் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். முந்தைய இருபது நிமிடம் இல்லாமல் இது வெறும் உற்சாகமான வாசிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாம் பகுதி ஏ. முதல் எட்டு நிமிடம் டி மேஜரில் இடது கை ஒரே உருவைச் சுழற்றுகிறது. ஜாஸ்காரர்கள் இதை வாம்ப் என்பார்கள். இங்கே ஒரு பயிற்சி: இரண்டு நிமிடம் வலது கையைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு இடது கையை மட்டும் கேளுங்கள். ஒரே உருதான் என்று நினைத்தது ஒரே உருவாக இல்லை என்று தெரியும்; அழுத்தம் இடம் மாறுகிறது, ஒரு ஸ்வரம் விழுகிறது, ஒன்று சேர்கிறது. கூடவே தொம் தொம் என்று ஒரு சத்தம், அது அவர் கால். தாள வாத்தியம் இல்லாத குறையைக் காலால் நிரப்புகிறார். எட்டு நிமிடத்துக்குப் பிறகு ஓட்டம் அடங்கி மெதுவான, தேடித் தேடி வைக்கும் வாசிப்பு வருகிறது, எனக்கு இந்த ஆல்பத்திலேயே அதிகம் பிடித்தது இந்தத் தேடல்தான். அடுத்து என்ன என்று அவருக்கே தெரியாமல் இருப்பது அப்பட்டமாகக் கேட்கிறது.

பி-யைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. தொடக்கத்தில் ஆறு நிமிடம் எஃப் ஷார்ப் மைனரில் இன்னொரு வாம்ப், ஏ-யில் நடந்த மாதிரி உள்ளே மாற்றம் அதிகம் இல்லை. களைப்பு என்று நினைக்கிறேன், மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. பிற்பாதி தேறிவிடுகிறது. சி ஏழு நிமிடம்தான், கச்சிதமான, பாடத் தோன்றும் மெட்டு. மற்றதெல்லாம் அந்த நேரத்தில் பிறந்தது, இது மட்டும் ஏற்கெனவே அவரிடம் இருந்த மெட்டு, 'மெமரீஸ் ஆஃப் டுமாரோ' என்ற பெயரில் பியானோக்காரர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். இதை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், முன்பே யோசித்த இசை ஜாரெட் கையில் எப்படி ஒலிக்கும், யோசிக்காத இசை எப்படி ஒலிக்கும் என்று ஒரே இரவில், ஒரே பியானோவில் ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாரெட் முனகுவார், கத்துவார், வாசிக்கும் மெட்டோடு கூடவே பாடுவார். பலருக்கு இது எரிச்சல், அவரைப் பற்றிய விமர்சனங்களில் இந்தப் புகார் பத்துக்கு ஒன்பதில் இருக்கும். பழக ஒரு வழி இருக்கிறது: குரல் எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒரு தொடர் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்ட நொடியில், விரல் அங்கே சேர்வதற்குள் பெரும்பாலும் குரல் முந்திக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அது தொந்தரவாகவே இல்லை. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அது ஒரு நியாயமான புகார்தான்.

இப்போது விமர்சனங்களுக்கு வருவோம். 1975 இறுதியில் வெளியான இந்த இரட்டைத் தட்டு ஏறக்குறைய 40 லட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. தனி ஒருவர் வாசித்த ஜாஸ் ஆல்பத்தில் இதைத் தாண்டியது கிடையாது. ரேடியோவில் ஓட்ட மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுகூட இல்லாத ஆல்பம், ஆள் ஆளுக்குச் சொல்லிச் சொல்லியே பரவியது. விமர்சனத்தைப் படிக்கும்போது இந்த விற்பனை எண் பின்னாலேயே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். ஜாஸே கேட்காதவர்கள் வாங்கிய ஜாஸ் ஆல்பம் என்றதும் சில விமர்சகர்களுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும், சிலர் அதையே புகழாகத் திருப்பிப் போடுவார்கள். இரண்டுமே இசையைப் பற்றிய பேச்சு இல்லை.

நட்சத்திர மதிப்பீடுகளையும் பட்டியல்களையும் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். ஆல்மியூசிக் இணையதளத்தில் ஐந்துக்கு ஐந்து. பென்குவின் ஜாஸ் வழிகாட்டி அடிப்படைச் சேகரிப்பில் இருக்க வேண்டிய ஆல்பங்களில் இதைச் சேர்த்தது. 2025-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது, அதே வருடப் பட்டியலில் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வும் இருந்தது, ஜாரெட் 1970-71-இல் அந்த டேவிஸின் குழுவிலும் வாசித்தவர். இவை எல்லாம் ஆல்பத்துக்கு ஜாஸ் வரலாற்றில் இருக்கும் இடத்தைக் காட்டும், அதற்குமேல் உங்கள் காதுக்கு உதவாது.

உதவுவது குறை சொல்லும் விமர்சனங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். புகழ்பவர்கள் 'தெய்வீகம்', 'மாயம்' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். குறை சொல்பவர் குறிப்பாக ஏதாவது சொல்லியாக வேண்டும், அதனால் அதை எடுத்து ஆல்பத்தில் வைத்துச் சோதிக்க முடிகிறது. மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, சொன்னதையே சொல்கிறது. இதற்கான சோதனையை மேலேயே கொடுத்துவிட்டேன், இடது கைப் பயிற்சி. என் தீர்ப்பு: ஏ-யில் இந்தக் குறை நிற்காது, பி-யின் தொடக்கத்தில் நிற்கும். ஆல்பம் முழுவதற்கும் ஒரே தீர்ப்பு சொல்பவரை, புகழ்ந்தாலும் சரி, இகழ்ந்தாலும் சரி, நான் கொஞ்சம் குறைவாகவே நம்புவேன்.

இரண்டாவது, இது நியூ ஏஜ் இசைக்கு வழிவிட்டது, அதாவது தியானத்துக்கும் மசாஜுக்கும் பின்னால் ஓடும் பியானோவுக்கு இதுதான் தாத்தா. இதில் வரலாற்று உண்மை கொஞ்சம் இருக்கிறது. 1980-இல் ஜார்ஜ் வின்ஸ்டனின் 'ஆட்டம்' போன்ற தனிப் பியானோ ஆல்பங்கள் பெரிய அளவில் விற்றபோது, ஜாரெட் தயார்ப்படுத்தி வைத்திருந்த சந்தைதான் அது என்று பலர் எழுதினார்கள். ஜாரெட்டுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. சோதனை எளிது: வின்ஸ்டனை ஒரு கால்மணி நேரம் கேளுங்கள், பிறகு இங்கே முதல் பகுதியின் கடைசிப் பத்து நிமிடம். வின்ஸ்டன் ஒரு மனநிலையை ஏற்படுத்திவிட்டு அதைக் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறார், அதற்கென்று ஒரு அழகு உண்டு. ஜாரெட் உங்களை அப்படி விட்டுவைப்பதில்லை. இறுக்குகிறார், அவிழ்க்கப் போவது போலக் காட்டிவிட்டு மறுபடி இறுக்குகிறார். மென்மையான தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதியவர் யார், கடைசிவரை உட்கார்ந்தவர் யார் என்று இந்தக் குறையை அவர்கள் எழுதும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, இது ஜாஸே இல்லை. ஸ்விங் என்ற ஜாஸுக்கே உரிய ஆடும் தாள நடை இல்லை, பழைய மெட்டு எதையும் எடுத்து விரிக்கவில்லை, ஐரோப்பிய கிளாசிக்கல் சாயல் அதிகம். இந்த விவாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. டிரம்ஸ் வாசித்த ஆர்ட் ப்ளேக்கியின் குழுவிலும் சாக்ஸஃபோன் வாசித்த சார்ல்ஸ் லாய்டின் குழுவிலும் வாசித்துவிட்டு வந்த கை இது. ப்ளூஸும் காஸ்பல் என்ற கறுப்பின சர்ச் பாட்டும் அதில் ஊறியிருக்கின்றன. ஏ மேஜர் ஆறு நிமிடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இவர்கள் எல்லோரையும்விடக் கடுமையாகப் பேசியவர் ஜாரெட்தான். 1992-இல் ஜெர்மானிய வார இதழான டெர் ஷ்பீகலுக்குக் கொடுத்த பேட்டியில், இந்த ஆல்பம் வெறும் பின்னணி இசையாகிவிட்டது என்று வருந்தினார், இசையை மறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழையதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பொருளில் சொன்னார். வேலை செய்துகொண்டே ஓடவிட வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான். படங்களிலும் இது நிறையவே பயன்பட்டது. 1993-இல் இத்தாலிய இயக்குநர் நன்னி மொரெட்டியின் படம் ஒன்றில் அவர் வெஸ்பா ஸ்கூட்டரில் ஓஸ்தியாவுக்கு, இயக்குநர் பசோலினி கொல்லப்பட்ட இடத்துக்குப் போகும் நீண்ட காட்சி முழுக்க இந்த இசைதான், வசனமே கிடையாது. அங்கே இது பின்னணியாக நிற்கவில்லை என்று எனக்குப் படுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் அந்தக் கவனம் கிடைக்கவில்லை. 2025-இல் வேரா பிராண்டஸை மையமாக வைத்து 'கோல்ன் 75' என்று ஒரு படமும் வந்துவிட்டது, அதில் அசல் கச்சேரி இசை இல்லை. கதை இசையிலிருந்து கழன்று தனியாகவே நடக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பியானோ வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு: இதன் முழு ஸ்வரக் குறிப்பு இருக்கிறது, ஷாட் பதிப்பகம் 1991-இல் போட்டது. பல வருடம் மறுத்துவிட்டுத்தான் ஜாரெட் ஒப்புக்கொண்டார், அதுவும் சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவுதான் இறுதி என்ற நிபந்தனையோடு. அதை வாங்கிக் கச்சேரி மாதிரியே வாசிக்க முயல்வதைவிட, முதல் பகுதியின் தொடக்கப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, எந்த ஸ்வரத்தை எவ்வளவு தாமதமாக வைக்கிறார் என்று ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். குறிப்பில் நேராக நிற்கும் ஸ்வரங்கள் பதிவில் எவ்வளவு தள்ளாடுகின்றன என்று பார்க்கும்போதுதான் காகிதத்தில் எதெல்லாம் ஏறாது என்று புரியும்.

நீங்களே இதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். பியானோ கதையை ஒரு பத்திக்குள் முடித்துவிடுங்கள், முடிந்தால் நடுவில் வையுங்கள், தொடக்கத்தில் வேண்டாம். நிமிடக் கணக்கைப் போட்டு எழுதுங்கள். '8-ஆவது நிமிடத்தில் எனக்கு அலுத்தது' என்ற ஒரு வரி 'மெய்சிலிர்க்க வைக்கிறது' என்ற பத்து வரியைவிடப் படிப்பவருக்கு உதவும், அவர் போய் அந்த எட்டாவது நிமிடத்தைக் கேட்பார், உங்களோடு சண்டைக்கு வருவார், அங்கேதான் பேச்சு தொடங்கும். ஒரே ஒரு ஆல்பத்தை வைத்து ஜாரெட்டை எடைபோடாமல், குறைந்தது பிரெமென் / லோசானையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடுத்து என்ன கேட்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதே காலத்தில் மற்ற பியானோக்காரர்கள் தனியாக உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று பார்க்க இரண்டு ஆல்பம் போதும். பால் ப்ளே 1972-இல் ஈசிஎம்முக்கே பதிவு செய்த 'ஓப்பன், டு லவ்', ஒரு ஸ்வரம் முழுவதாக அடங்கும்வரை அடுத்ததைத் தொடாத வாசிப்பு. சிசில் டெய்லர் 1974-இல் மான்ட்ரோவில் வாசித்த 'சைலன்ட் டங்ஸ்', இது அதற்கு நேரெதிர், முதல் தடவை மூச்சுத் திணறும், பத்துப் பத்து நிமிடமாகக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் கோல்ன் கச்சேரி எவ்வளவு பாட்டுத்தன்மையோடு இருக்கிறது என்பதும், அதனால்தான் அவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியும்.

ஜாரெட்டையே தொடர விரும்பினால், 1976-இல் ஜப்பானில் ஐந்து நகரங்களில் வாசித்ததைத் தொகுத்த 'சன் பேர் கான்சர்ட்ஸ்', பத்து எல்.பி. தட்டுகள், ஒரு நகரத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நல்ல பியானோ கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் அங்கே பதில் உண்டு. 2002-இல் பதிவான 'ரேடியன்ஸ்' வேறு ஆள் வாசித்த மாதிரி இருக்கும், நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாக, பல இடத்தில் சுருதி மையமே இல்லாமல். வாம்புகளைக் கைவிட்ட அந்த ஆல்பத்தைக் கேட்டால், 1992-இல் அவர் பேட்டியில் சொன்னதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டிருந்தார் என்று விளங்கும். 2018-இல் இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்த பிறகு அவர் மேடை ஏறவில்லை, ஆகவே இருக்கிற பதிவுகள்தான் இனி. இவ்வளவு நேரம் இல்லாதவர்கள் 1995-இல் மிலானில் வாசித்த 'லா ஸ்காலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி டிராக் 'ஓவர் த ரெயின்போ', எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு, அதை முதலில் கேட்டுவிட்டு முன்பகுதிக்குப் போனாலும் தப்பில்லை.